கோலியை வைத்துக்கொண்டே கப் அடித்தார்கள், தோனியை மட்டும் ஏன் விடச் சொல்கிறார்கள்?

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், திருப்பத்தூர்க்காரர், சென்னை ஐபிஎல் அணி சிஎஸ்கேவின் ரசிகர், மதியச் சாப்பாட்டின்போது கேட்ட கேள்வி இது: "அண்ணே, உங்க பெங்களூர் டீம் ஆர்சிபி 18 சீசன் கோலியை விடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்து கடைசியில ஜெயிச்சுட்டாங்க. அப்ப ஸ்டாரை வெச்சிருக்கறதுதானே சரி? தோனி விஷயத்துல மட்டும் 'எப்பவோ அனுப்பியிருக்கணும்'னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு டீம் ஸ்டாரைப் பார்க்கணுமா, அஞ்சு வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு பார்க்கணுமா?"

டிபன் பாக்ஸை மூடுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் அல்சூரில். பக்கத்திலேயே கௌதமபுரம், பெலேக்குச் சிலை வைத்திருக்கிற பேட்டை. அருமைநாயகம், உலகநாதன் மாதிரி ஆட்கள் இந்த ஊரில் பந்து உதைத்துவிட்டுத்தான் கொல்கத்தா போய் மோகன் பகானுக்கு ஆடினார்கள். நல்லா ஆடுகிறவனைப் பெரிய பணம் வந்து தூக்கிக்கொண்டு போவது எங்களுக்குப் புதுசில்லை. நான் ஆடியது கொஞ்சம்தான். 22 வருஷமாக ஒரு சின்ன ஃபுட்பால் டீமுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதனால் எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் நோட்டுப் புத்தகத்துக்குத்தான் போகும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாருக்கு இரண்டு வேலை. ஒன்று, மேட்ச் ஜெயிப்பது. இன்னொன்று, கூட்டத்தைக் கூட்டுவது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதப் போய்த்தான் நாம் குழம்புகிறோம். சின்னசாமி ஸ்டேடியம் பக்கம் மேட்ச் நாளில் வந்து பார். பிளாட்பாரத்தில் விற்கிற பனியன்களில் பெரும்பாலும் கோலியின் 18ஆம் நம்பர்தான். ஆர்சிபி ஒரு கப்பும் இல்லாமல் 17 வருஷம் ஓட்டியபோதும் அந்த வியாபாரம் படுக்கவில்லை. "ஈ சலா கப் நம்தே" (இந்தத் தடவை கப் நமதே) என்று ஒவ்வொரு மார்ச்சிலும் கத்தினார்கள், மே மாதம் திட்டினார்கள், அடுத்த மார்ச்சில் மறுபடி டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். முதலாளி இடத்தில் உட்கார்ந்து யோசி. 2023 முதல் 2027 வரைக்கும் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை போன விலை 48,390 கோடி. அதில் பெரிய பங்கு எல்லா அணிக்கும் பிரிந்து வருகிறது. கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த வருஷம் அதே லீக்கில்தான் ஆடப்போகிறாய். இங்கிலாந்து ஃபுட்பாலில் அப்படி இல்லை. 2016ல் சாம்பியனான லெஸ்டர் சிட்டியை 2023ல் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிட்டார்கள். நம்மூரில் தோற்பதற்கு அந்த மாதிரி அபராதம் கிடையாது. அப்போது பெயருக்குப் பணம் கொட்டுகிற முதலாளியைப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. அவர் எழுதுகிற கணக்கு வேறு, நாம் எதிர்பார்க்கிற கணக்கு வேறு.

கூட்டம் கூட்டுகிற அந்தச் சக்திக்கு இன்னொரு முகமும் உண்டு. 2025 ஜூன் 4 அன்று வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்களில் 11 பேர் அதே சின்னசாமி வாசல்களில் நெரிசலில் செத்துப்போனார்கள். என் மகளும் போகிறேன் என்று நின்றாள், அவள் அம்மா விடவில்லை. அதை ஏலக் கணக்கோடு சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, ஜெயிக்கிற கணக்குக்கு வருவோம். ஸ்டாரின் விலை அவர் சம்பளத்தோடு முடிவதில்லை. இதற்கு 2008 முதல் ஏலம்தான் நல்ல பாடம். அப்போது சச்சின், திராவிட், கங்குலி, சேவாக், யுவராஜ் ஐந்து பேரையும் 'ஐகான்' என்று சொல்லி அவரவர் ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐகானுக்கு, அந்த அணியில் அதிகச் சம்பளம் வாங்குகிறவரைவிட 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு அணி செலவழிக்கக்கூடிய மொத்தப் பணமே 50 லட்சம் டாலர். தோனிக்கு விலை ஏறிக்கொண்டே போனது. மும்பை அவரை 15 லட்சம் டாலருக்கு வாங்கினால் சச்சினுக்கு 17 லட்சத்து 25 ஆயிரம் தர வேண்டும். இரண்டு பேருக்கே மொத்தப் பையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும், மீதி ஆட்களை எதை வைத்து வாங்குவது? சென்னைக்கு ஐகானே கிடையாது. ஊர்ப் பெரிய பெயர் இல்லாத அணி என்று அன்றைக்குப் பாவப்பட்டார்கள். அந்தக் குறைதான் தோனியைக் கொண்டுவந்தது. ஒரு ஸ்டாரை வைத்திருப்பதால் அடுத்தவரின் விலை நமக்கு மட்டும் ஏறிவிடுகிறது. இந்தக் கணக்கை ரசிகன் போடுவதில்லை, போட வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.

கபடியில் இதை நான் நேரிலேயே பார்த்தேன். 2022 அக்டோபர், கண்டீரவா இன்டோர் ஸ்டேடியம், புரோ கபடி ஒன்பதாவது சீசன் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பவன் செராவத் இந்த ஊருக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி. 2019 ஜனவரியில் பெங்களூரு புல்ஸ் கப் வாங்கிய ஃபைனலில் 38க்கு 33 என்று ஜெயித்தார்கள், அந்த 38ல் 22 பாயின்ட் அவர் ஒருவர் எடுத்தது. அவரைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. ஒரு அணிக்கு இருந்த மொத்தப் பணம் 4 கோடியே 40 லட்சம். பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. நானும் மச்சானும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தோம். புல்ஸ் ரசிகர்கள்கூட அவருக்குக் கைதட்டினார்கள். முதல் பாதியே முடியவில்லை, பாடி வந்த குஜராத் ரெய்டரைப் பிடிக்கப் பாய்ந்தவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆடுகளத்தில் இருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான், அந்த சீசனில் அவர் திரும்பி வரவே இல்லை. மச்சான் கையில் இருந்த பாப்கார்னை அப்படியே சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, "2 கோடி 26 லட்சம், பத்து நிமிஷம்" என்றான்.

நாங்கள் அந்த சீசனை அன்றைக்கே முடித்துவிட்டோம். ஆனால் நடந்தது வேறு. நரேந்தர் என்ற புதுப் பையன், பெரிய விலை இல்லாதவன், ரெய்டுக்குப் போக ஆரம்பித்தான். அந்த சீசனில் 243 ரெய்டு பாயின்ட். நடுவில் வந்த கோச் அஷன் குமார் கட்டிய டிஃபென்ஸும் சேர்ந்துகொள்ள, தலைவாஸ் முதல் தடவையாக செமிஃபைனல் போனது. பவன் இருந்திருந்தால் கப்பே வந்திருக்கும் என்று இன்றைக்கும் மச்சான் வாதாடுவான். இருக்கலாம். ஆனால் பவன் நன்றாக இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு அத்தனை ரெய்டு கிடைத்திருக்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன். அடுத்த வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் அதே பவனை 2 கோடியே 60 லட்சத்துக்கு வாங்கியது, மொத்தப் பை 5 கோடி. அவர் நன்றாகவே ஆடினார், அடிபடவில்லை. டைட்டன்ஸ் 22 மேட்ச்சில் ஜெயித்தது இரண்டு. கடைசி இடம்.

இது பவன் மேல் குறை இல்லை. ஏழு பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒருவருக்குப் பாதியைக் கொடுத்துவிட்டால் மீதிப் பாதியை ஆறு பேரும் பெஞ்சும் பங்கு போட வேண்டும். ரெய்டர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால் அவரை உள்ளே கொண்டுவர யாராவது ஒரு பாயின்ட் எடுத்தாக வேண்டுமே. அந்த 'யாராவது'க்குப் பையில் பணம் இருக்காது.

எங்கள் டீமிலும் ஒரு தடவை இதே கூத்து நடந்தது, பைசா அளவில். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு ஸ்ட்ரைக்கர் பையன், பேர் வேண்டாம். இடது கால், வந்தால் கோல். ஒரு டோர்னமென்ட்டுக்கு ஸ்பான்சர் செய்த கடைக்காரர், "அவன் ஆடுனாத்தான் பணம்" என்று சொல்லிவிட்டார். பையனுக்கும் அது தெரிந்துவிட்டது. அந்த வருஷம் வசூலான 60 ஆயிரத்தில் 25 ஆயிரம் அவனுக்குப் போனது. கோல்கீப்பர் புது க்ளவுஸ் கேட்டான். 1,800 ரூபாய். அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான், அந்தப் பக்கம் இன்னும் என் நோட்டில் இருக்கிறது. அவன் சண்டை போடவில்லை, சும்மா வேறு டீமுக்குப் போய்விட்டான். செமிஃபைனலில் ஒரு சின்னப் பையனை கோலில் நிறுத்தினோம். எங்கள் ஸ்ட்ரைக்கர் மூன்று கோல் போட்டான். 4-3க்குத் தோற்றோம். ஸ்பான்சர் ரொம்ப சந்தோஷமாக அவனோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவர் கொடுத்த பணத்துக்கு அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது.

2016 ஃபைனலைப் பார்த்தபோது எனக்கு அந்தக் க்ளவுஸ்தான் ஞாபகம் வந்தது. மே 29, இதே சின்னசாமி. கோலி அந்த சீசனில் மட்டும் 973 ரன், நாலு செஞ்சுரி. கூட கெய்ல், டிவில்லியர்ஸ், வாட்சன். அந்த வருஷ ஏலத்தில் அதிக விலை வாட்சனுக்குத்தான், 9.5 கோடி. ஹைதராபாத் முதலில் ஆடி 208. கடைசி ஓவர் வாட்சன் போட்டார், பென் கட்டிங் வெளுத்ததில் 24 ரன் போனது. நாலு ஓவரில் வாட்சன் கொடுத்தது 61. ஆர்சிபி விக்கெட் விழாமல் 114 வரை போய், கடைசியில் 8 ரன்னில் தோற்றது. கோலியும் கெய்லும் அரைசதம் அடித்த ஃபைனல் அது. ஸ்டார்கள் அவர்கள் வேலையைச் செய்துவிட்டுத்தான் போனார்கள். கடைசி ஓவர் போட ஒரு ஆள் இல்லை என்பதுதான் கதை. வாட்சன் அந்த சீசன் முழுக்க 20 விக்கெட் எடுத்தவர், அவரைத் திட்டுவதும் நியாயமில்லை. இரண்டு வருஷம் கழித்து அவரையே சென்னை 4 கோடிக்கு வாங்கி ஓப்பனிங் இறக்கியது. 2018 ஃபைனலில் 117 நாட் அவுட், எதிரில் அதே ஹைதராபாத். ஆள் அதே ஆள்தான். விலையும் இடமும் மாறியது.

இன்னொரு இரவும் உண்டு. 2013 ஏப்ரல் 4, அதே சின்னசாமியில் ஆர்சிபிக்கு மும்பையோடு மேட்ச். கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு விசித்திரமாக ஓடிவந்த ஒரு குஜராத் பையன் முதல் தடவையாக ஐபிஎல்லில் பந்து போட்டான். கோலி அவனைப் பவுண்டரிகளாக விளாசிவிட்டு அதே ஓவரில் எல்பிடபிள்யூ ஆனார். மேட்ச்சை ஆர்சிபி 2 ரன்னில் ஜெயித்துவிட்டது, ஸ்டேடியமே கெய்லின் 92ஐப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனது. அந்தப் பையன் பும்ரா. மும்பைக்குக் கோச்சாக இருந்த ஜான் ரைட் உள்ளூர் டி20 மேட்ச் ஒன்றில் பார்த்துப் பிடித்த ஆள். ஹர்திக் பாண்டியாவை 2015ல் அவர்கள் வாங்கியது அடிப்படை விலை 10 லட்சத்துக்கு. 2013க்கும் 2020க்கும் நடுவில் மும்பை ஐந்து கப் வாங்கியதற்குக் காரணமாக எல்லோரும் ரோகித்தைச் சொல்வார்கள், பொல்லார்டைச் சொல்வார்கள். நான் ஜான் ரைட் உட்கார்ந்திருந்த அந்தக் காலி கேலரியைச் சொல்வேன்.

இப்போது தம்பி கேள்விக்குள் இருக்கிற ஒரு தப்பைப் பிடிக்கலாம். கோலி ஆர்சிபி வாங்கிய ஸ்டார் இல்லை. 2008ல் அண்டர்-19 பையன்களுக்கு ஏலம் இல்லாமல், அணிகள் முறைவைத்து எடுக்கிற தனி டிராஃப்ட் வைத்தார்கள். டெல்லி அணி தன் ஊர்ப் பையனை விட்டுவிட்டு பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூர் வந்தார். முதல் இரண்டு மூன்று வருஷம் அவரைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கவில்லை. அதாவது 18 வருஷம் வைத்திருந்த ஸ்டார், உள்ளே வரும்போது மலிவு விலைச் சரக்கு. ஆர்சிபி செய்ததிலேயே நல்ல முதலீடு அதுதான், அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்த வேலையை அவர்கள் திரும்பச் செய்யவே இல்லை. உச்சத்தில் இருக்கிறவரை உச்ச விலைக்கு வாங்குவதிலேயே காலம் போனது. யுவராஜ் 14 கோடி, 2014ல். கே.எல். ராகுல் கையில் இருந்தார், 2018ல் பஞ்சாபுக்குப் போனார். சாஹல் 139 விக்கெட் எடுத்துக் கொடுத்தவர், 2022ல் ராஜஸ்தான் 6.5 கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனது. இதே சின்ன பவுண்டரி மைதானத்தில் அத்தனை விக்கெட் எடுத்த ஸ்பின்னரை விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2018ல் கோலிக்கு 17 கோடி, டிவில்லியர்ஸுக்கு 11. மொத்தம் 80 கோடியில் இரண்டு பேருக்கே 35 சதவீதம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் என்ன செய்தார்கள் என்று பார். மொத்தம் 120 கோடி. கோலிக்கு 21. அதற்கு அடுத்து ஹேசல்வுட் 12.5, சால்ட் 11.5, ஜிதேஷ் 11, ரஜத் பட்டிதார் 11, புவனேஷ்வர் 10.75. ஒரே ஒரு சிகரம், அதற்குக் கீழே சமதரை. இரண்டாவது கோலி என்று யாரையும் தேடவில்லை. அன்றைக்கு இந்த ஊரில் எவ்வளவு திட்டு விழுந்தது தெரியுமா? கன்னடப் பையன் ராகுலுக்கு ஆரம்பத்தில் கை தூக்கிவிட்டுப் பின்வாங்கினார்கள், அவர் 14 கோடிக்கு டெல்லி போனார். சிராஜ் 12.25 கோடிக்கு குஜராத் போனபோது திரும்ப எடுக்கிற உரிமை அட்டை கையில் இருந்தும் நீட்டவில்லை. ஆர்சிபியின் ஏல மேஜையில் நம்ம தினேஷ் கார்த்திக் உட்கார்ந்திருந்தார், கூட கோச் ஆண்டி ஃப்ளவர், இயக்குநர் மோ போபட். எங்கள் லிஃப்டில் ஒருவர், "டிகே அங்க போய் தூங்கிட்டாரு போல" என்றார். நானும் தலையாட்டினேன், பொய் சொல்லக் கூடாது.

பிறகு 2025 மேட்ச்களில் நடந்ததைப் பார். குருணால் பாண்டியா 5.75 கோடி, ஃபைனலில் 4 ஓவர் 17 ரன் 2 விக்கெட், ஆட்ட நாயகன். சுயாஷ் சர்மா 2.6 கோடி, பஞ்சாபை 101க்குச் சுருட்டிய குவாலிஃபயரில் 3 விக்கெட். ரொமாரியோ ஷெப்பர்ட் 1.5 கோடி. அவருக்கு இரண்டு கதை இருக்கிறது, ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்: ஃபைனலில் 26.75 கோடி ஷ்ரேயாஸ் ஐயரை 1 ரன்னில் வெளியே அனுப்பியது அவர்தான். 6 ரன்னில் ஜெயித்த மேட்ச் அது. கோலி 35 பந்தில் 43 எடுத்தார், நிதானமாக, கொஞ்சம் மெதுவாகவே. முந்தைய வருஷங்களாக இருந்தால் அந்த 43 போதாமல் தோற்றிருப்பார்கள். இந்த முறை அது போதுமாக இருந்தது.

ஆர்சிபி பெண்கள் அணியிலும் இதுதான் நடந்தது. 2023ல் 12 கோடிப் பையில் ஸ்மிருதி மந்தனாவுக்கு 3.4 கோடி, அந்த வருஷம் ஐந்து அணியில் நாலாவது இடம். அடுத்த வருஷம் மந்தனா அதே மந்தனாதான், எலிஸ் பெர்ரி அதே பெர்ரிதான். 10 லட்சத்துக்கு வாங்கிய ஷ்ரேயங்கா பாட்டில் ஃபைனலில் 12 ரன்னுக்கு 4 விக்கெட். அதே 10 லட்சத்து ஆஷா சோபனா எலிமினேட்டரில் மும்பைக்கு எதிராகக் கடைசி ஓவரைக் காப்பாற்றினார். கப் வந்தது.

இதை வைத்து 'ஸ்டாரைக் குறை, மலிவாக வாங்கு' என்று ஃபார்முலா எழுதினால் அதுவும் உடையும். ஆண்களின் 2025 ஃபைனலில் எதிரே நின்ற பஞ்சாப் ஷ்ரேயாஸ், அர்ஷ்தீப், சாஹல் மூன்று பேருக்கு மட்டும் 62.75 கோடி கொடுத்திருந்தது. பாதிக்கு மேல். என் கணக்குப்படி அவர்கள் முதல் ரவுண்டிலேயே காலியாகியிருக்க வேண்டும். ஆனால் 3.8 கோடி பிரியான்ஷ் ஆர்யாவும் 4 கோடி பிரப்சிம்ரனும் ஓப்பனிங்கில் சேர்ந்து ஆயிரம் ரன்னுக்கு மேல் அடித்துவிட்டார்கள். பந்த்துக்கு 27, பூரனுக்கு 21 கொடுத்த லக்னோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, ஏழாவது இடம். கொல்கத்தாவோ நேர் எதிர்த் தப்பைச் செய்தது. 2024ல் கப் வாங்கிக் கொடுத்த கேப்டன் ஷ்ரேயாஸையே விட்டுவிட்டு, வெங்கடேஷ் ஐயருக்கு 23.75 கோடி கொடுத்தது. எட்டாவது இடம். ஸ்டாரை விட்டதாகவும் ஆச்சு, ஸ்டார் விலை கொடுத்ததாகவும் ஆச்சு. ஆக, மேலே இருக்கிற மூன்று பெயரை வைத்து ஒரு அணியின் கதியைச் சொல்ல முடியாது. கீழே இருக்கிற எட்டுப் பெயரைப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம்.

இனி தோனி. பணக் கணக்கில் தோனி சென்னைக்குப் பாரமே இல்லை. ஐந்து வருஷம் சர்வதேச மேட்ச் ஆடாதவர் என்ற விதியில் 4 கோடிதான். 4 கோடிக்கு அத்தனை கூட்டம் என்றால் எந்த முதலாளியும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அவருக்கு ஆகிற செலவு பையில் தெரியாது, மைதானத்தில் தெரியும். 2025 மார்ச் 28, சேப்பாக்கத்தில் ஆர்சிபியோடு 197ஐத் துரத்தும்போது தோனி இறங்கியது ஒன்பதாவது ஆளாக, அஸ்வினுக்கும் பிறகு. 16 பந்தில் 30 அடித்தார், அப்போது மேட்ச்சே முடிந்துபோயிருந்தது. 2008க்குப் பிறகு முதல் தடவையாக ஆர்சிபி அங்கே ஜெயித்தது. ஒருவர் முட்டிக்காக அணியின் வரிசையையே மாற்றி அடுக்குகிறோம் என்றால், அந்தச் செலவை எந்த ஆடிட்டரும் காட்ட மாட்டார். ஒரு இளம் கீப்பர் ஆட வேண்டிய இடம், ஏழாவது இடத்தில் அடிக்கப் பழக வேண்டிய ஒருவனுடைய இடம், எல்லாம் சேர்ந்து போகிறது.

சென்னைக்கு அந்த சீசனில் இளைஞர்கள் வந்ததுகூடத் திட்டத்தில் இல்லை. கேப்டன் ருதுராஜுக்கு முழங்கை அடிபட்டதால் அவர் இடத்துக்கு 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்தான், 30 லட்சத்துக்கு. மே 3, சின்னசாமி மேட்ச். எங்கள் வீட்டில் அப்பா சோபாவில் மஞ்சள், மகள் தரையில் சிவப்பு, நான் நடுவில். ஷெப்பர்டின் இரண்டாவது கதை இதுதான். கலீல் அகமதின் ஒரே ஓவரில் 33 ரன், மொத்தம் 14 பந்தில் 53. மகள் சோபா குஷனைத் தூக்கி எறிந்தாள். பிறகு மாத்ரே 48 பந்தில் 94. அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கடைசி ஓவரில் 15 வேண்டும், தோனி நிற்கிறார், வீடே அமைதி. யஷ் தயாள் பந்தில் எல்பிடபிள்யூ. 2 ரன்னில் சென்னை தோற்றது. அப்பா டிவியை அணைக்காமல் எழுந்து போனார். 30 லட்சத்துப் பையன் 94 எடுத்ததைப் பற்றி அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தோனி அந்த ஃபுல் டாஸைத் தவறவிட்டதைப் பற்றி மட்டும் ராத்திரி பதினொன்றரை வரை பேசினார். அந்த சீசனில் சென்னை வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடம் பிடித்தது.

"அப்ப வயசானா அனுப்பிடணுமா அண்ணே?" என்று தம்பி மடக்குவார், தெரியும். கண்டீரவா ஃபுட்பால் மைதானத்தில் சுனில் சேத்ரி இருக்கிறாரே. 2013ல் பெங்களூரு எஃப்சிக்கு வந்தவர், 2024-25 ஐஎஸ்எல் ஃபுட்பால் லீக்கில் 40 வயதில் 14 கோல். இந்தியர்களில் அதிகம் அவர்தான். அவரை அனுப்பியிருந்தால் அந்த வருஷம் அவர்கள் ஃபைனல் போயிருப்பார்களா, சந்தேகம்தான். அவரை வைத்து அடுத்த சேத்ரி ஒருவனை வளர்த்தார்களா என்பது தனிக் கேள்வி. அதற்கு நல்ல பதில் இன்னும் மைதானத்தில் தென்படவில்லை. வயது ஒரு எண்தான் என்று வசனம் பேச மாட்டேன். ஆனால் அளக்க வேண்டியது அவர் இப்போது எந்த இடத்தில் நிற்கிறார், அந்த இடத்தில் நின்று என்ன கொடுக்கிறார் என்பதைத்தான். சேத்ரி இன்னும் முன்வரிசையில் நின்று கோல் போடுகிறார். தோனி தன்னைத் தானே ஒன்பதாவது இடத்துக்கு இறக்கிக்கொண்டார்.

சென்னையும் இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டது. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை 18 கோடிக்குக் கொண்டுவந்தார்கள். 2023 ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கப் கொடுத்த ஆளை அனுப்பினார்கள். அப்போது ஜடேஜாவுக்கு 37 ஆகவிருந்தது, சாம்சனுக்கு 31, அவர் கீப்பரும்கூட. நோட்டில் எழுதிப் பார்த்தால் வரவுதான்.

நியூஸ் வந்த அன்று காலை அப்பாவிடம் இதையெல்லாம் ஒவ்வொன்றாக விளக்கினேன். வயது, கீப்பிங், டாப் ஆர்டர், அடுத்த ஐந்து வருஷம். டம்ளரை ஆற்றிக்கொண்டே கடைசி வரை கேட்டார். "சஞ்சு நல்ல பையன்தான்" என்றார். பிறகு உள்ளே போய், ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த ஜடேஜா நம்பர் போட்ட மஞ்சள் பனியனை மடித்து, பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.